‘ஆர்டர் பத்தியும் பேசிக்கலாம்’

வாசகர் கடிதம்:

வணக்கம் மேடம். எனக்கு 31 வயது. கோவையில் வீட்டு மாடியறையிலேயே டிசைன் வேலை செய்கிறேன். பின்னலாடை கம்பெனிகளுக்கு டேக், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் வடிவமைத்து, அச்சடித்தும் கொடுக்கிறேன். நான் ஒருத்திதான், ஆள் வைத்துக்கொள்ளவில்லை. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் பர்ச்சேஸ் மேனேஜர் 8 மாதமாக எனக்கு ஆர்டர் தருகிறார். என் வருமானத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

முதல் இரண்டு சந்திப்பு அவர் ஆபீஸில். மூன்றாவது அவிநாசி ரோட்டில் ஒரு காபி கடையில், சாயங்காலம் 5 மணிக்கு. நாலாவது ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு ஹோட்டலில், இரவு 7.30க்கு. அன்று நான் 4 சாம்பிள் டேக் கொண்டு போயிருந்தேன். மேஜையில் பரப்பினேன். அவர் சீட்டுக்கட்டு மாதிரி அவற்றைச் சேர்த்து எடுத்து மெனு கார்டுக்கு அடியில் வைத்துவிட்டு, “அது இருக்கட்டுங்க, உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்றார். இரண்டு மணி நேரம் வீடு, அப்பா உடம்பு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று பேச்சு போனது. கிளம்பும்போது “டேக் நல்லாருக்குங்க, பண்ணிடலாம்” என்றார். பில்லை அவரே கொடுத்தார். அதற்குப் பிறகு தினமும் ராத்திரி பத்தரைக்கு “சாப்டீங்களா?” என்று மெசேஜ்.

இப்போது, “சனிக்கிழமை 8 மணிக்கு டின்னர் போலாங்க. அடுத்த சீசன் ஆர்டர் பத்தியும் பேசிக்கலாம்” என்று அனுப்பியிருக்கிறார். நான் எதற்குப் போகிறேன் என்றே தெரியவில்லை. கேட்டால், “ஐயோ, நான் அப்படி நினைக்கவே இல்லையே” என்று சொல்லிவிட்டால் அவமானத்தில் செத்துவிடுவேன். கேட்காமல் போனால் நானும் சம்மதித்த மாதிரி ஆகிவிடும். பழைய பில் 1,86,000 ரூபாய் இன்னும் வரவில்லை. அவர் தப்பாக எதுவும் நடந்துகொள்ளவில்லை, மரியாதையானவர். உண்மையைச் சொன்னால் போன தடவை கிளம்பும் முன் இரண்டு முறை சேலை மாற்றினேன். அம்மாவிடம் சொன்னால், “ஆம்பளையோட ராத்திரி ஹோட்டல்ல உக்காந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க” என்பார். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் தெரியாது. இது மீட்டிங்கா, வேறா, எப்படிக் கண்டுபிடிப்பது?

— பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நாலு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். இதழ் வரும்வரை சனிக்கிழமை காத்திருக்காது அல்லவா. இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தைப் படித்ததும் என் கண் அந்த ஒற்றை ‘உம்’மில் போய் நின்றது. “ஆர்டர் பத்தியும்”. பள்ளியில் உம்மைக்கு எட்டுப் பொருள் படித்திருப்போம். அதில் ஒன்று எச்சம். “இதுவும்” என்று சொன்னால், சொல்லாமல் விட்ட இன்னொன்று இருக்கிறது என்று பொருள். “ஆர்டர் பற்றிப் பேசலாம்” என்றால் அது மீட்டிங். “ஆர்டர் பற்றியும் பேசலாம்” என்றால் முதலில் வேறு ஏதோ ஒன்று, ஆர்டர் அதற்குத் துணை. அந்த ‘வேறு ஏதோ’ என்ன என்பதை அவர் எழுதவில்லை. நீங்கள் ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான். அவர் எழுதாமல் விட்டதை நீங்கள் ஊகிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஊகிக்காமலேயே பதில் சொல்லிவிடலாம். எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அடையாளங்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நீங்கள் நம்புகிறீர்கள். நேரம், இடம், பில்லை யார் கொடுத்தார், என்ன கேட்டார் என்று கடிதம் முழுக்க வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இந்தக் கணக்கு கூடி வராது. நம்மூரில் சாப்பாட்டு மேஜையில் வியாபாரம் பேசுவது பழைய வழக்கம். கூப்பிட்டவர் பில் கொடுப்பதும் அப்படித்தான். கொங்கு நாட்டில் விருந்தாளியைப் பர்ஸ் எடுக்க விடுவார்களா? “சாப்டீங்களா” என்பது நமக்கு வணக்கம் சொல்வது மாதிரி. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கூடக் கேட்கிறார். இவற்றில் எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் பொருந்தும். அதனால்தான் உங்களால் முடிவுக்கு வர முடியவில்லை, உங்கள் புத்தியில் குறை எதுவும் இல்லை.

நம் பெற்றோர் காலத்தில் பெண் பார்க்க வந்தால், சொஜ்ஜி பஜ்ஜித் தட்டு வரும்போதே அது எதற்காக நடக்கிறது என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஆனால் நோக்கம் மட்டும் எல்லார் முன்னாலும் இருந்தது. இப்போது நாமே நம் துணையைத் தேடிக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறோம். மிக நல்ல மாற்றம் அது. டேட்டிங் என்ற சொல்லும் கூடவே வந்துவிட்டது. ஆனால், “இது அதுதான்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இன்னும் வரவில்லை. அதே காபி கடை, அதே மேஜை. பக்கத்து மேஜையில் இண்டர்வியூ நடக்கிறது, அதற்கடுத்த மேஜையில் காதல். உட்கார்ந்திருப்பவர்களுக்கே சில சமயம் எது என்று தெரிவதில்லை.

இதில் ஆண்களும் பெண்களும் ஒரே காட்சியை ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பது ஆய்விலும் தெரிந்த விஷயம். அமெரிக்க உளவியலாளர் அன்டோனியா ஆபி 1982ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத ஓர் ஆணையும் பெண்ணையும் 5 நிமிடம் பேச விட்டார். இன்னோர் ஆணும் இன்னொரு பெண்ணும் மறைவாக இருந்து அதைக் கவனித்தார்கள். பேசிய பெண் சாதாரணமாகச் சிநேகமாகத்தான் நடந்துகொண்டாள் என்று பெண்கள் கருதிய இடத்தில், ஆண்கள் அதிகமான பாலியல் ஈர்ப்பைப் பார்த்தார்கள். பேசியவன் மட்டுமல்ல, வெளியிலிருந்து கவனித்தவனும் அப்படித்தான் பார்த்தான். உங்கள் ஆள் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சிரித்துப் பேசியதற்காக, இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததற்காக, “நான்தான் இடம் கொடுத்துவிட்டேனோ” என்று நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டாம். கடிதத்தில் அந்தக் கேள்வி வரிக்கு வரி ஒளிந்திருக்கிறது.

சரி, அந்த 4 டேக்குகளுக்கு வருகிறேன்.

கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் அதுதான். நீங்கள் வேலையை மேஜையில் வைத்தீர்கள். அவர் அதை எடுத்து மெனு கார்டுக்கு அடியில் வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து, பார்க்காமலேயே “நல்லாருக்கு, பண்ணிடலாம்” என்றார். அந்த நொடியில் உங்கள் மனது என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ‘டேக்குக்காக ஆர்டர் கிடைத்ததா, பேச்சுத் துணைக்காகக் கிடைத்ததா?’ உங்கள் உழைப்புக்குக் கிடைக்க வேண்டிய சந்தோஷம் அங்கேயே கெட்டுவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டியதில்லை. மனதில் வேறு ஏதோ இருந்திருக்கலாம், டேக் பார்க்கப் பொறுமை இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் பாதிப்பு உங்களுக்குத்தான். காகிதத்தின் கனம், நூல் கோக்கும் ஓட்டை, பார்கோடு இடம் என்று நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வேலைக்கு ஒரு நேர்மையான அபிப்பிராயம்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டு பேருக்கும் குழப்பம் இருக்கலாம், ஆனால் அதன் விலை சமமில்லை. சனிக்கிழமை சரியாகப் போகவில்லை என்றால் அவருக்கு ஒரு மாலை வீண். உங்களுக்குப் பாதி வருமானமும் 1,86,000 ரூபாயும் ஊசலாடும். அதனால்தான் அவர் நிம்மதியாக ‘உம்’ போட்டு எழுதுகிறார், நீங்கள் சேலையிலிருந்து பதில் வாக்கியம்வரை எல்லாவற்றையும் எடை போடுகிறீர்கள். ஆர்டர் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்தான் தெளிவாகப் பேச வேண்டியவர். அவர் பேசவில்லை என்பதால் அந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. நியாயமில்லைதான், ஆனாலும் செய்துவிடுங்கள். அதில் உங்களுக்குத்தான் லாபம்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் ஆணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். நாற்பதை ஒட்டிய வயது, நல்ல பதவி. தன் கீழ் வேலை செய்த பெண் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள், காரணமே தெரியவில்லை என்று உடைந்து போய் உட்கார்ந்திருந்தார். “ஒரு தடவைகூட அவ வேண்டாம்னு சொல்லல மேடம்” என்றார். போனை என்னிடம் நீட்டினார். இருவருமாக அந்த மெசேஜ்களை மேலிருந்து கீழே படித்தோம். “இன்னிக்கு முடியாது சார், இன்னொரு நாள்.” “வீட்ல கெஸ்ட் சார்.” “பார்க்கலாம் சார்.” “அடுத்த வாரம் சொல்றேன் சார்.” அவர் அத்தனையையும் வாக்குறுதியாகப் படித்திருந்தார். நான் ஒன்றுதான் கேட்டேன். “நீங்க கடைக்குப் போய் விலை கேட்டுட்டு ‘அப்புறம் வரேன்’னு சொல்லிட்டு வர்றீங்க. கடைக்காரர் உங்களுக்காகக் கடையைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருப்பாரா?” அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதார்.

நாம் ‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லாத ஆட்கள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் போகப் போவதில்லை என்று தெரிந்தும் “கண்டிப்பா வரேன்” என்போம். மேலே இருப்பவரிடம் அந்த மென்மை இன்னும் கூடிவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வனெஸா போன்ஸும் லாரன் டிவின்சென்ட்டும் 2019ல் வெளியிட்ட ஆய்வில் இதே விஷயம் வருகிறது. காதல் விருப்பத்தைத் தெரிவித்தவர்கள், மறுத்துச் சொல்வது எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு சங்கடம் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். ஃபேஸ்புக் நிறுவனத்தில் உடன் வேலை செய்பவரை ஒரே ஒரு தடவைதான் வெளியே கூப்பிடலாம் என்ற விதி இருப்பது 2018ல் செய்தியானது. “பிஸியாக இருக்கிறேன்”, “அன்றைக்கு முடியாது” என்பதும் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று அவர்கள் சொன்னார்கள். இதைப் படிக்கும் ஆண்கள், முக்கியமாக ஆர்டரோ வேலையோ சம்பள உயர்வோ கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், அந்த ஒரு விதியை மட்டுமாவது கைக்கொள்ளுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அந்தச் சேலை விஷயம். அதைக் கடிதத்தின் நடுவில் ஒரு வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது? 31 வயதில், ஒருவர் இரண்டு மணி நேரம் உங்கள் அப்பாவின் உடம்பைப் பற்றி அக்கறையாகக் கேட்கும்போது மனது அசையத்தான் செய்யும். ஒருவேளை உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கலாம். ஒருவேளை, யாரோ ஒருவர் உங்களைக் கவனித்தது பிடித்திருக்கலாம். இரண்டும் வேறு வேறு. எது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பாக்கிப் பணமும் அடுத்த சீசனும் கழுத்தில் தொங்கும்போது உங்கள் மனது உங்களிடமே உண்மை சொல்லாது. ‘பிடித்திருக்கிறது’ என்று தோன்றுவது பயத்தினாலா என்றும் தெரியாது, ‘பிடிக்கவில்லை’ என்பது ஊர் வாய்க்குப் பயந்தா என்றும் தெரியாது.

அதனால் என் யோசனை இதுதான். முதலில் வேலையைச் சனிக்கிழமையிலிருந்து பிரித்து எடுங்கள். இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்கள் (மெர்ச்சண்டைசர் என்பவர் கம்பெனியில் ஆர்டர் வேலைகளைக் கவனிப்பவர்):

“வணக்கம் சார். சனிக்கிழமை டின்னர் எனக்குச் சரிப்படாது. அடுத்த சீசன் டேக் பற்றி உங்கள் ஆபீஸிலேயே திங்கள் அல்லது செவ்வாய் 11 மணிக்குப் பேசலாமா? மெர்ச்சண்டைசரும் இருந்தால் அளவு, நிறம் எல்லாம் அப்போதே முடிவு செய்துவிடலாம்.”

இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவர் எந்த எண்ணத்தோடு கூப்பிட்டார் என்ற கேள்வியே எழவில்லை. ஆகவே “ஐயோ, நான் அப்படி நினைக்கவே இல்லையே” என்று சொல்ல அவருக்கு இடமும் இல்லை. நீங்கள் பயந்த அந்த அவமானம் வரவே முடியாது. பகல் நேரம், அவர் ஆபீஸ், மூன்றாவது ஆள், பேச வேண்டிய விஷயம் என்று நாலையும் நீங்களே வைத்துவிட்டீர்கள். ‘உம்’ கிடையாது. ராத்திரி பத்தரைக்கு அனுப்பாதீர்கள், காலை 10 மணிக்கு அனுப்புங்கள். ‘வீட்டில் விசேஷம்’, ‘உடம்பு சரியில்லை’ என்று காரணம் சேர்க்க வேண்டாம் என்றும் வற்புறுத்திச் சொல்கிறேன். பொய்க் காரணம் சொன்னால் அடுத்த சனிக்கிழமைக்குக் கூப்பிடுவார். பத்தரை மணி “சாப்டீங்களா”வுக்கும் உடனே பதில் போட வேண்டியதில்லை. மறுநாள் காலை, “வணக்கம் சார், சாம்பிள் நாளைக்கு அனுப்புகிறேன்” என்று வேலையோடு பதில் வந்தால் போதும். ஒரு வாரத்தில் புரிந்துகொள்வார்.

அவர், “சரிங்க, செவ்வாய்க்கிழமை வாங்க” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டால் நல்லது. உங்கள் வாடிக்கையாளர் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார், விஷயம் முடிந்தது. “ஏங்க, நான் ஃப்ரெண்ட்லியாத்தானே கூப்பிட்டேன்” என்று சற்று வருத்தத்தோடு கேட்டால், “அதனாலென்ன சார், வேலை விஷயம் ஆபீஸில் பேசினால் எனக்கு வசதி” என்று அதே வரியைத் திரும்பச் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.

மூன்றாவதாக ஒன்று நடக்கலாம். அவர் மனதைத் திறந்து, “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க” என்று சொல்லலாம். சொன்னால் அது மரியாதையான காரியம்தான், இத்தனை நாள் மறைத்ததை வெளியே வைக்கிறார். அப்போது உடனே பதில் சொல்லாதீர்கள். முதலில் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று நேராகக் கேளுங்கள். 8 மாதமாக உங்கள் வீட்டைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அவர் வீட்டைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. மோதிரத்தை வைத்தெல்லாம் ஊகிக்க வேண்டாம், வாய் திறந்து கேளுங்கள். ஆகவில்லை, உங்களுக்கும் விருப்பம் என்றால், உங்கள் ஆர்டரை அந்த நிறுவனத்தில் வேறு ஒருவர் பார்க்கட்டும். அவரே தன் மேலிடத்தில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். அதைச் செய்ய அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் கவனியுங்கள். உங்களை உண்மையாக விரும்புகிறவர், உங்கள் ஆர்டரைத் தன் கையில் வைத்துக்கொண்டு பதிலை எதிர்பார்க்க மாட்டார்.

பணம். இதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் பேசவே வேண்டாம். அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு இன்வாய்ஸ் எண், தேதி, தொகையோடு இமெயில் போடுங்கள். நீங்கள் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, செய்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள், ஆன்லைனில் இலவசம்தான். முன்னால் நீங்கள் கொடுத்த சரக்குக்கு அது எந்த அளவு உதவும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இனி வரும் ஆர்டர்களுக்கு நிச்சயம் பலம். குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஒரு மனநல ஆலோசகர் ஏன் வட்டிக் கணக்கு பேசுகிறார் என்று நினைக்கலாம். பாக்கி வர வேண்டியிருப்பவளால் ‘முடியாது’ என்று நிமிர்ந்து சொல்ல முடிவதில்லை. உங்களைப் போலத் தனியாகத் தொழில் செய்யும் பெண்கள் பலர் என் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கிறார்கள். பாதி வருமானம் ஒரே இடத்திலிருந்து வருவதும் அதே பிரச்சினைதான். இன்னும் இரண்டு மூன்று கம்பெனிகளைத் தேடுங்கள். நிதானமாகச் செய்யலாம், ஆனால் இந்த மாதமே ஆரம்பியுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை நீங்கள் எழுதியதில் புகார் செய்யும்படி எதுவும் இல்லை, அவர் மேல் அப்படி ஒரு நிழலை நான் போடவும் மாட்டேன். ஆனால் நீங்கள் மறுத்த பிறகு ஆர்டர் நின்றாலோ, பில் வேண்டுமென்றே முடங்கினாலோ, தொந்தரவு தொடர்ந்தாலோ, ‘நான் அந்தக் கம்பெனியில் வேலை செய்பவள் இல்லையே, எனக்கு யார் இருக்கிறார்கள்’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அந்த இடத்தில் வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த வயதுப் பெண்ணும் புகார் தரலாம் என்கிறது. வேலை நிமித்தமாகப் போன இடமும் பணியிடம்தான், அது ஹோட்டலாக இருந்தாலும். இணங்கினால் சலுகை, மறுத்தால் நஷ்டம் என்று நேராகவோ மறைமுகமாகவோ காட்டுவதையும் அந்தச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். தேவைப்படாது என்றே நம்புகிறேன். ஆனாலும் மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

அம்மாவின் நாலு பேரைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையில் யாராவது ஒரு தெரிந்தவர் எப்போதும் பக்கத்து மேஜையில் இருப்பார், அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த நாலு பேருக்காக உங்கள் முடிவை எடுக்காதீர்கள். வேலை விஷயமாக ஓர் ஆணோடு ராத்திரி 8 மணிக்குச் சாப்பிடுவதில் தவறு எதுவும் இல்லை. எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியாமல் உட்காராதீர்கள், அவ்வளவுதான். முடிந்தால் அம்மாவிடமும் நடந்ததைச் சொல்லுங்கள். ‘நாலு பேர்’ என்று ஆரம்பித்தாலும், மகள் தனியாக முழித்துக்கொண்டு கிடந்தாள் என்று தெரிந்தால் அவர் முகம் மாறும்.

இன்னொன்று. அந்த 4 டேக்குகளையும் ஒரு கவரில் போட்டு, கூடவே கொட்டேஷனையும் வைத்து, அவர் ஆபீஸ் முகவரிக்கு நாளைக்கே கூரியரில் அனுப்பிவிடுங்கள். மேலே அவர் பெயரோடு மெர்ச்சண்டைசர் பெயரையும் எழுதுங்கள். அந்த டேக்குகள் சனிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்.